கணக்கில் வராத எண்ணெய்

அத்தியாயம் 14

போன வாரம் ரவுதாவை எடைக் கருவியின் மேல் நிற்க வைத்துவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விட்டோம். பாவம், இந்த வாரமும் அவள் அதன் மேல்தான் நிற்கிறாள். முள்ளும் நகரவில்லை.

எண்பத்து மூன்று.

எண்பதுக்கு வந்தால்தான் ஆஸ்பத்திரியில் அவளுடைய சிறுநீரகம் ஒன்றை எடுத்து அவள் தம்பி லசாத்துக்கு வைப்பார்கள். தொண்ணூற்றொன்றில் ஆரம்பித்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இவ்வளவு தூரம் இறங்கி வந்தவள், கடைசி மூன்று கிலோவில் மூன்று வாரமாக மாட்டிக்கொண்டிருக்கிறாள். டிசம்பர் கடைசியில் மறுபடியும் டாக்டர்கள் முன்னால் போய் நிற்க வேண்டும். அன்றைக்கும் முள் அடம்பிடித்தால் அவள் பெயரை எடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்கள். கொடுக்க வேறு ஆளும் கிடையாது. அம்மா, அப்பா காலமாகிவிட்டார்கள். கடல் தாண்டி மார்செய்யில் இருக்கிற அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி. லசாத்தின் மனைவி ஹயாத்துக்கு ரத்த வகை சேரவில்லை.

ஆக, லசாத்தின் உயிர் இப்போது அவன் அக்காவின் இடுப்புச் சதையில் இருக்கிறது. சொன்னால் சிரிப்பாக இருக்கும். அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

"இறங்கு ரவுதா. முறைச்சுப் பார்த்தா அது குறைஞ்சிடுமா?" என்றான் அவள் கணவன் தௌஃபிக்.

"நேத்து ராத்திரி பசியில தூக்கமே வரலை. அதுக்காவது ஒரு நூறு கிராம் குறைஞ்சிருக்கக் கூடாதா?"

"கணக்குப்படி குறைஞ்சிருக்கணும்."

"அப்போ உங்க கணக்கைக் கொண்டுபோய் டாக்டர்கிட்ட காட்டுங்க. என்னை விடுங்க."

தௌஃபிக் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிற ஜாதி. மனைவி இளைக்க வேண்டும் என்று தெரிந்த அன்றே ஒரு சமையலறைத் தராசு வாங்கினான். அன்றிலிருந்து அந்த வீட்டில் மக்ரோனி எடை போட்டுத்தான் வெந்தது. ரொட்டி எடை போட்டுத்தான் வாய்க்குப் போனது. கைப்பேசியைத் தட்டி இதற்கு இத்தனை கலோரி, அதற்கு இத்தனை கலோரி என்று சொல்லிக்கொண்டே இருப்பான். அவனுக்குப் பிடித்த சாப்பாடு, பாக்கெட்டில் எண் அச்சடித்து வருகிற சாப்பாடு. கூட்டுவதற்குச் சுலபம்.

ரவுதாவுக்கு அந்தச் சாப்பாடு பிடிக்கவில்லை, ஆனாலும் சாப்பிட்டாள். தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து டயட் பிஸ்கட்டைக் கொறித்தாள். தலைமுடி கொட்டியது. ஒருநாள் முத்திரை குத்திக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டிக்கொண்டு வந்தது. அதையெல்லாம் தாங்கிக்கொண்டாள். அவளால் தாங்க முடியாதது வேறொன்று.

'எனக்குப் பயமா இருக்கு. கத்தி வைக்கறதை நெனச்சா தூக்கம் போயிடுது. வாய் தைரியமா இருக்கு, உடம்பு முடியாதுன்னு சொல்லுதோ? தம்பிக்குக் குடுக்கக் கூடாதுன்னுதான் இந்த மூணு கிலோவைப் பிடிச்சு வெச்சிருக்கோ?'

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் நான்தான் சொல்கிறேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. லசாத் வீட்டுக்குப் புது எண்ணெய் வருகிற நாள். ஹயாத்தின் அப்பா தோட்டத்து ஆலிவ், நேற்றுதான் செக்கில் ஆட்டியது. புது எண்ணெய் வீட்டுக்குள் வந்தால் எல்லாரும் கூடி முதல் துண்டு ரொட்டியை அதில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் கேனை அறைக்குள் எடுத்து வைப்பார்கள். பெருநாளுக்குக் கூட வராமல் இருக்கலாம், இதற்கு வராமல் இருக்க முடியாது. எங்கள் ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் பேச்சு நின்றுபோன உறவுகளே அந்த ஒரு நாள் மட்டும் வந்து தோய்த்துவிட்டுப் போகும்.

கிரெம்தா ரோட்டில் இருந்த தம்பி வீட்டுக்குப் போய் இறங்கினார்கள். ரவுதாவின் மகள்கள் இருவரும் தோழி வீட்டில் இருந்தார்கள். கதவைத் திறந்த ஹயாத் முதலில் நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தௌஃபிக் கையிலிருந்த துணிப்பையைப் பார்த்தாள்.

"வாங்க அண்ணி. வாங்கண்ணே. தராசும் வந்திருக்கா? வா தராசு, உள்ள வந்து உக்காரு. காபி குடிக்கிறியா?"

"கிண்டல் பண்ணு, பண்ணு," என்றான் தௌஃபிக். "தராசு பொய் சொல்லாதும்மா."

"நானும்தான் பொய் சொல்ல மாட்டேன். என்னை யார் பையில வெச்சுத் தூக்கிட்டுப் போறாங்க?"

ரவுதா சிரித்துவிட்டாள். அவளுக்கு ஹயாத்தைப் பிடிக்கும். ஹயாத்தின் கண்கள் தன் இடுப்பை அளப்பதுதான் பிடிக்காது. ஹயாத் அதை வேண்டுமென்று செய்யவில்லை. புருஷன் உயிர் எங்கே இருக்கிறதோ அங்கேதானே கண் போகும்?

உள்ளே லசாத் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். நாற்பதைத் தொடாதவன். குளிர்சாதனப் பெட்டி ரிப்பேர் செய்கிறவன், செய்துகொண்டிருந்தவன். இப்போது திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸுக்குப் போய் ரத்தத்தைச் சுத்தப்படுத்திக்கொண்டு வருகிறான். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் இருக்கிற இந்த ஞாயிறுதான் அவனுக்குப் பொல்லாத நாள். தாகம் எடுக்கும், குடிக்கக் கூடாது. ஒரு சின்னக் கண்ணாடி டம்ளர் வைத்திருந்தான். அவ்வளவுதான் ஒரு வேளைக்கு. ஒரு வாய் எடுத்து, நாக்கின் அடியில் கொஞ்ச நேரம் வைத்திருந்து, பிறகு விழுங்குவான். சூப்பில் இருக்கிற தண்ணீர், ஆரஞ்சுச் சுளையில் இருக்கிற தண்ணீர், எல்லாவற்றையும் மனசுக்குள்ளேயே கழித்துக்கொண்டு வருவான்.

"வாக்கா. இளைச்சுட்டே."

"இளைக்கலைடா. அதான் பிரச்சினையே."

லசாத் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மேசைக்குக் கூஸ்கூஸ் வந்தது, கோதுமை ரவையை ஆவியில் வேகவைத்தது. ஒரே பெரிய பாத்திரம், நடுவில் மீன், சுற்றி மூன்று கரண்டி. அப்புறம் ரவுதாவுக்கு மட்டும் தனியாக ஒரு கிண்ணம். எல்லாரும் ஒரே பாத்திரத்தில் கரண்டி போடுகிற குடும்பத்தில் ஒருத்தி தனிக் கிண்ணம் எடுத்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான், சண்டை. தராசு வந்த நாளிலிருந்து ரவுதா தனிக் கிண்ணத்தில்தான் சாப்பிடுகிறாள். காரணம் தெரிந்தும் ஹயாத்துக்கு ஒவ்வொரு தடவையும் சுருக்கென்றது.

தௌஃபிக் தராசை மேசையில் வைத்து, கிண்ணத்தை அதன் மேல் வைத்து, மெஷ்வியாவைக் கரண்டி கரண்டியாகப் போட்டான். சுட்ட மிளகாயும் தக்காளியும் பூண்டும் சேர்த்து இடித்த மசியல். இருநூறைத் தாண்டியதும் நிறுத்தினான்.

"இதுல கலோரி கொஞ்சம்தான். காய்கறிதானே. இதோட ரெண்டு பிஸ்கட்."

"எந்த பிஸ்கட்?" என்றாள் ஹயாத்.

ரவுதா கைப்பையிலிருந்து பாக்கெட்டை எடுத்தாள்.

"எதுல செஞ்சது அண்ணி?"

ரவுதா பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏதோ நார்ச்சத்து... அப்புறம் நம்பர் நம்பரா போட்டிருக்கு."

"பேர் தெரியாத சாமானை வயித்துக்குள்ள போடறீங்க. நான் விடிகாலையில எந்திரிச்சுப் பிசைஞ்ச பார்லி ரொட்டியைத் தொட மாட்டேங்கறீங்க."

"ரொட்டி நல்ல ரொட்டிதாம்மா," என்றான் தௌஃபிக். "எவ்வளவு நல்லதுன்னு நான் கேக்கலை. எவ்வளவுன்னு கேக்கறேன்."

"நல்ல சாப்பாடு உடம்புல ஒட்டாதுண்ணே. நம்ம மண்ணுல விளைஞ்சது, நம்ம கையால ஆக்கினது. அது எங்க போகணும்னு வயித்துக்குத் தெரியும்."

"உங்கப்பாவும் நல்ல சாப்பாடுதானே சாப்பிடறாரு? அவர் வந்தா முதல்ல வயிறு உள்ள வருது, கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் அவர் வராரு."

லசாத் கூடச் சிரித்தான். ஹயாத்துக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அதை விழுங்கிக்கொண்டாள். நேற்று முழுக்கச் செக்கில் நின்றவள். விடிய எழுந்தவள். லசாத்துக்காக உருளைக்கிழங்கை நறுக்கி, ஊறவைத்து, தண்ணீரை இரண்டு தடவை மாற்றி வேகவைத்தவள். களைப்பில் நாக்கு கைமீறிவிடும், நமக்குத் தெரியாதா?

"மூணு வாரமா எண்ணிக்கிட்டுத்தானே இருக்கீங்க? எண்ணினா குறையணும் இல்ல? அப்போ வேற எங்கேயோ..."

"வேற எங்க?" என்றாள் ரவுதா.

"விடுங்க அண்ணி."

"சொல்லு ஹயாத்."

"மனசு ஒப்பாம செஞ்சா உடம்பும் ஒப்பாதுன்னு எங்கம்மா சொல்லுவாங்க."

"ஹயாத்!" என்றான் லசாத்.

ரவுதாவுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தன் தலைக்குள் மூன்று வாரமாக ஓடிக்கொண்டிருந்ததை இன்னொருத்தி வாயால் கேட்டுவிட்டாள். பிஸ்கட்டைப் பாக்கெட்டுக்குள்ளேயே திரும்ப வைத்தாள்.

ஹயாத்தின் கண் நிறைந்துவிட்டது. சொன்னதைத் திரும்ப எடுக்க வழி தெரியவில்லை. புது எண்ணெய் ஜாடியைத் தூக்கினாள். எங்கள் ஊரில் மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர்கள் எண்ணெய் ஊற்றுவார்கள்.

"எடுத்துக்கோங்க அண்ணி. புதுசு. மொத ரொட்டி நீங்கதான் தோய்க்கணும்," என்று குனிந்து ரவுதாவின் கிண்ணத்தில் ஊற்றினாள். பச்சையாக, காரமான வாசனையோடு விழுந்தது எண்ணெய். கேட்க வேண்டிய மன்னிப்பு பெரியது, அதனால் ஊற்றினதும் பெரியது.

கிண்ணம் இன்னும் தராசின் மேல்தான் இருந்தது.

"நிறுத்து!" என்று தௌஃபிக் கத்தினான்.

"ஏண்ணே, பூச்சியா?"

"நாப்பது கிராம். நாப்பது கிராம் ஊத்திட்ட."

"எண்ணெய்தானே?"

தௌஃபிக் கைப்பேசியைத் தட்டினான். ஒரு தடவை பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தான். வகுப்பில் கரும்பலகை நிறைய எழுதி முடித்த பிறகு முதல் வரியில் தப்பு இருப்பதைப் பார்த்துவிட்ட வாத்தியாரின் முகம்.

"முந்நூத்தி அறுபது," என்றான் மெதுவாக. "ரவுதா, நீ காலையிலேர்ந்து சாப்பிட்ட மொத்தமே இவ்வளவு இல்லை."

"இத்தனை நாளா எண்ணெயை நீங்க கணக்குல சேர்க்கவே இல்லையா?" என்று ரவுதா கேட்டாள்.

"சேர்க்கலை."

"ஏங்க?"

"அது... எண்ணெய்தானே!"

வெளியூர்க்காரர்கள் சிரிக்கலாம். ஸ்ஃபாக்ஸில் பிறந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். நாங்கள் குழந்தை பிறந்தால் தொப்புளில் எண்ணெய் வைப்போம். இருமினால் நெஞ்சில் தடவுவோம். கதவு கிரீச்சிட்டால் அதற்கும் இரண்டு சொட்டு. காற்றை யாராவது எண்ணுவார்களா? மக்ரோனியைத் தங்கம் மாதிரி நிறுத்த மனிதர், அதன் மேல் மனைவி எண்ணெயைச் சுற்றி ஊற்றுவதைத் தினமும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே யாரும் மறைக்கக்கூட இல்லை.

"வேற எதுல எல்லாம் ஊத்தற? யோசிச்சுச் சொல்லு," என்றான் தௌஃபிக்.

"மெஷ்வியால... ராத்திரி கொண்டைக்கடலையில... அப்புறம் காலையில அந்தக் கப்பு. அதான் உங்களுக்கே தெரியுமே."

"அது மருந்து இல்லையா?"

"மருந்துதான். மயக்கம் வருதுன்னு சொன்னேன்ல, அதுலேர்ந்து மூணு வாரமா ஹயாத்துதான் குடுத்தனுப்பறா. வெறும் வயித்துல ஒரு காபிக் கப் நிறைய."

ஜாடியைக் கீழே வைக்கப்போன ஹயாத்தின் கை அப்படியே நின்றது.

"கப்பா? நான் எப்போ அண்ணி கப்புன்னு சொன்னேன்? ஒரு ஸ்பூன்னுதானே சொல்லி அனுப்பினேன். தேக்கரண்டி!"

மூன்று முகங்களும் ஜன்னலோரம் திரும்பின. வாராவாரம் பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறவன் லசாத்துதான்.

"ஸ்பூனா சொன்னே?" என்றான் லசாத். "மறந்துபோச்சு போல."

"மறந்துபோச்சா! இந்த மனுஷன்கிட்ட ஒரு சேதி சொல்லி அனுப்ப முடியுதா பாருங்கண்ணே! பார்லி மாவு வாங்கிட்டு வாங்கன்னா பாதி வழியில போன் பண்ணி கோதுமையான்னு கேப்பாரு!" ஹயாத் திட்டிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். ஓடி வந்து ரவுதாவின் தலையைப் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தாள். "அண்ணி, உங்க மனசு இல்லை! எண்ணெய்! வெறும் எண்ணெய்! அல்லாஹ் என் நாக்கை வெட்டட்டும்."

"வெட்ட வேணாம், நீ ரொட்டி ருசி பார்க்கணும்ல," என்றாள் ரவுதா. அவளும் அழுதாள். என் உடம்பு என் தம்பியை மறுக்கவில்லை என்று அவளுக்குள் யாரோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூன்று வாரத்தில் முதல் தடவையாக மூச்சு முழுசாக உள்ளே போய் வந்தது.

அதற்கப்புறம் அந்த மேசை கல்யாண வீடாகிவிட்டது. தௌஃபிக் ஒரு தேக்கரண்டியில் எண்ணெயை எடுத்துத் தராசில் வைத்தான். ஹயாத் பார்லி ரொட்டியை அறுத்துத் தானே எடை பார்த்தாள். இந்தத் துண்டு ரொட்டியும் கொஞ்சம் மீனும் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலையும் சாப்பிட்டால் சாயங்காலம் வரை பசிக்காது, மயக்கமும் வராது என்று அவள் சொல்ல, கூட்டிப் பார்த்த தௌஃபிக், பிஸ்கட் கணக்கைவிட இது ஒன்றும் அதிகமில்லையே என்று வாயைப் பிளந்தான்.

"அப்போ அந்த பிஸ்கட்டைப் பக்கத்து வீட்டுக் கோழிக்குப் போட்டுடலாமா?"

"பாவம், கோழி என்னண்ணே தப்பு பண்ணுச்சு?"

யார் ஜெயித்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். எண்ணெய் எவ்வளவு நல்ல தோட்டத்திலிருந்து வந்தாலும் தராசு அதன் பரம்பரையை விசாரிப்பதில்லை. எண்ணிக்கை எவ்வளவு சரியாக இருந்தாலும் பசித்த வயிறு அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதில்லை. இரண்டு பேரும் பாதி பாதி சரியாக இருந்துகொண்டு, அந்தப் பாதிக்காக இத்தனை வாரம் முட்டி மோதியிருக்கிறார்கள்.

சந்தோஷத்தில் ரவுதா தம்பியைத் தேடினாள். ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது. சின்ன டம்ளரில் தண்ணீர் அப்படியே இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆரஞ்சுச் சுளைக்குள் இருக்கிற தண்ணீரைக் கழிக்கிறவன். நாக்கின் அடியில் ஒரு வாய்த் தண்ணீரை அளந்து வைத்திருக்கிறவன். அவனா ஸ்பூனுக்கும் கப்புக்கும் வித்தியாசம் மறந்துபோவான்?

மாடிப்படி ஏறினாள். மூச்சு வாங்கியது, இருந்தாலும் ஏறினாள்.

மொட்டை மாடியில் மிளகாய்ச் சரங்கள் காய்ந்துகொண்டிருந்தன. லசாத் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான். ஊசி ஏறி ஏறிப் புடைத்துப்போன நரம்பு முழங்கைக்குக் கீழே தெரிந்தது. ரவுதா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஸ்பூன் எப்படிடா கப்பாச்சு?"

"சொன்னேனே அக்கா, மறந்து..."

"ஹயாத்துகிட்ட சொல்லு அதை. நான் உன்னை இடுப்புல தூக்கி வளர்த்தவ."

லசாத் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டான்.

"வண்டியில வரும்போது ஸ்பூன்னுதான் நெனச்சுக்கிட்டு வந்தேன். உன் வீட்டு வாசல்ல உன் சின்னவ ஓடிவந்தா. மாமா, எங்கம்மாவை எந்தப் பக்கம் வெட்டுவாங்கன்னு கேட்டா. என் வயித்துல ஒரு பக்கம் தொட்டா, இன்னொரு பக்கம் தொட்டா, இங்கேயா, இங்கேயான்னு. வலிக்குமான்னு கேட்டா. உள்ள வந்தேன். நீ அந்த பாட்டிலை வாங்கிக்கிட்டு எவ்வளவு குடிக்கணும்னு கேட்டே. வாயில கப்புன்னு வந்துருச்சு."

"ஒரு தடவை வரலாம். மூணு வாரமாவா?"

"அப்புறம் தெரிஞ்சேதான் சொன்னேன்."

"வேணாம்னா என்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாமேடா."

"சொல்லலாம். சொன்னா நீ விட்டுட்டா என்ன பண்றது? எனக்கு வாழணும்னு ஆசையா இருக்குக்கா. காலையில எந்திரிச்சு ஒரு சொம்பு தண்ணியை மடமடன்னு குடிக்கணும்னு ஆசையா இருக்கு. வேணாம்னு சொல்ல வாய் வரலை. குடுன்னு கேக்கவும் மனசு வரலை. எண்ணெயே ஏதாவது ஒரு முடிவு சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

ரவுதா அவன் நல்ல கையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு அதே கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு வாரமா என்னை நானே எவ்வளவு கேவலமா நெனச்சேன் தெரியுமா? என் உடம்பு பயந்தாங்கொள்ளி, தம்பி செத்தாலும் பரவாயில்லைன்னு நெனைக்கிற உடம்புன்னு... கண்ணாடியில என் மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்கலைடா எனக்கு."

"அக்கா..."

"பேசாதே. எனக்குப் பயம்தான். ராத்திரி எல்லாம் பயம். பயந்துக்கிட்டேதான் குடுப்பேன். பயமில்லாதவ வந்து குடுத்தாத்தான் வாங்கிப்பியா நீ?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு அழுதான். பெரிய ஆம்பிளை, சின்ன வயதில் அழுத மாதிரியே தோளைக் குலுக்கிக்கொண்டு அழுதான். அவள் அழவிட்டாள். பிறகு முந்தைய குரலில், அக்காக்காரியின் குரலில், சொன்னாள்:

"ஹயாத் இப்போ மேல வருவா. அவ மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு, எனக்கு அக்காவோட கிட்னி வேணாம்னு. சொல்லிட்டியானா நான் உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன். நாளையிலேர்ந்து தினம் ரெண்டு கப் குடிக்கிறேன். சரியா?"

அவன் பதில் சொல்வதற்குள் படியில் கண்ணாடி டம்ளர்கள் மோதுகிற சத்தம் கேட்டது. ஹயாத் டீத் தட்டோடு வந்தாள். கன்னத்தில் மாவு ஒட்டியிருந்தது. இத்தனை மாதத்தில் அவள் முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை ரவுதா பார்த்ததில்லை.

"ரெண்டு பேரும் இங்க வந்து உக்காந்துட்டீங்களா? அண்ணே கணக்குப் போட்டு முடிச்சுட்டாரு! எண்ணெயை ஒரு ஸ்பூனுக்குக் கொண்டுவந்தாலே போதுமாம், வேற எதையும் குறைக்க வேணாமாம். தேதிக்குள்ள எண்பதுக்கு வந்துடுவீங்களாம் அண்ணி! மூணு தடவை போட்டுப் பார்த்துட்டாரு. நான் ஒரு தடவை போடச் சொன்னேன், எனக்குப் புரியலை, ஆனா விடை அதேதான் வந்துச்சு."

ரவுதா சிரித்தாள். லசாத் சிரிக்கவில்லை. மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தான். தன்னோடு சேர்ந்து தானும் தண்ணீர் குடிக்காமல் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழிக்கிறவளை. ஒரு உருளைக்கிழங்குக்காக இரண்டு தடவை தண்ணீர் மாற்றுகிறவளை.

"என்னங்க, நீங்க ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறீங்க? சந்தோஷமில்லையா?"

லசாத் வாயைத் திறந்தான், மூடினான். மறுபடியும் திறந்தான்.

"ஹயாத்... அக்காவுக்கு ஒரு ஸ்பூன்தான். அதுக்கு மேல யார் சொன்னாலும் ஊத்தாதே." அவன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். "நானே வந்து சொன்னாலும் ஊத்தாதே."

ரவுதா கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் ஹம்துலில்லாஹ் என்று இறைவனுக்கு நன்றி சொன்னாள். தம்பி வாழ ஒப்புக்கொண்டுவிட்டான். இனி மூன்று கிலோ ஒரு பாரமே இல்லை.

"பின்னே? ஒரு ஸ்பூன்னுதானே நான் அன்னிக்கே..." என்று உற்சாகமாக ஆரம்பித்தாள் ஹயாத்.

பாதியில் நின்றுவிட்டாள். கணவனின் சிவந்த கண்களைப் பார்த்தாள். நாத்தனாரின் ஈரக் கன்னத்தைப் பார்த்தாள். டீத் தட்டைக் கைப்பிடிச் சுவர் மேல் மெதுவாக வைத்தாள்.

"நீங்க மறக்கலை," என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை.